அந்த வீட்டுக்குள் போனது யார்?

எங்கள் வீட்டுப் பரணில் ஏழெட்டு பைண்டு புத்தகங்கள் இருந்தன. பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாரம் தவறாமல் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு கடையில் கொடுத்து அம்மா சேர்த்துவைத்தவை. சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, மதியம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் அவருடைய வாசிப்பெல்லாம். வரலாற்று நூலையோ தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றையோ கையில் கொடுத்தால் பத்து பக்கங்களில் மூடிவைத்துவிடுவார். “கதையாச் சொன்னா படிக்கலாம். இது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு” என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது, நான் அப்போது படித்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கில நூலைச் சொல்ல ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்ட கதை. உண்மைச் சம்பவம், ஆனால் எழுதப்பட்டிருப்பது நாவலைப் போல. அம்மா கைகூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் இரண்டே கேள்விகள் கேட்டார்.

“இது நெசமாவே நடந்ததா?”

“அந்த வீட்டுப் பொம்பளைங்க என்ன பேசுனாங்க, அடுக்களையில என்ன இருந்துச்சுன்னு எல்லாம் அந்த ஆளுக்கு யாரு சொன்னா?”

முதல் கேள்விக்கு “ஆமாம்” என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது, நான் இரண்டு கேள்விகளுக்குமே சரியாகப் பதில் சொல்லவில்லை என்று. இந்தக் கட்டுரை அம்மாவுக்கான தாமதமான பதில்.

கன்சாஸுக்குப் போன இருவர்

1959 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹோல்கோம்ப் என்ற சின்னஞ்சிறு ஊர். ஹெர்பர்ட் கிளட்டர் என்ற வசதியான விவசாயி, அவர் மனைவி போனி, 16 வயது மகள் நான்சி, 15 வயது மகன் கென்யன் ஆகிய நால்வரும் அவர்களுடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இது ஒரு சிறிய செய்தியாக வந்தது. அதைப் படித்த எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, நியூயார்க்கர் இதழுக்காக அந்த ஊரைப் பற்றி எழுதப் புறப்பட்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அது ‘இன் கோல்ட் பிளட்’ என்ற நூலானது. ‘அபுனைவு நாவல்’ என்ற புதிய வடிவத்தைத் தான் உருவாக்கிவிட்டதாகக் கபோட்டி அறிவித்தார். உண்மைச் சம்பவத்தை நாவலின் சுவையோடு சொல்லும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரியே நிறைந்திருக்கின்றன. அவற்றின் மூலவராகப் பலரும் கைகாட்டுவது இந்த நூலைத்தான்.

ஆனால் 1959 டிசம்பரில் ரயிலேறிக் கன்சாஸுக்குப் போனது ஒருவர் அல்லர், இருவர். உடன் போனவர் நெல் ஹார்ப்பர் லீ. அப்போது அவருக்கு வயது 33.

இருவரும் அலபாமா மாநிலத்தின் மன்றோவில் என்ற ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகள். பெற்றோரின் கவனிப்பு இல்லாமல் உறவினர் வீட்டில் விடப்பட்டிருந்த கபோட்டிக்கு, பக்கத்து வீட்டு நெல்தான் துணை. வழக்கறிஞரான லீயின் அப்பா கொடுத்த தட்டச்சு இயந்திரத்தில் இருவரும் சேர்ந்தே கதை அடித்தார்கள். பின்னாளில் லீ சட்டம் படித்தார். பட்டம் வாங்காமலேயே விட்டார். 1949இல் நியூயார்க்குக்குப் போய் விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1956 கிறிஸ்துமஸுக்கு நண்பர்களான ஒரு தம்பதி, ஓராண்டு வேலைக்குப் போகாமல் எழுதுவதற்கான பணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்படி எழுதி, பதிப்பாசிரியர் டே ஹோஹோஃப் என்ற பெண்மணியின் வழிகாட்டுதலில் திருத்தித் திருத்தி முடித்ததுதான் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. கபோட்டி கூப்பிட்டபோது அந்த நாவல் முடிந்து, அச்சுக்குக் காத்திருந்தது. அது 1960 ஜூலையில் வெளிவந்து, 1961இல் புலிட்சர் பரிசு பெற்று, உலகமெங்கும் பரவியது பிறகு நடந்த கதை. ரயிலில் ஏறியபோது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கபோட்டியோ பிரபலம்.

சமையலறைக் கதவு

ஹோல்கோம்பும் பக்கத்து நகரமான கார்டன் சிட்டியும் அந்த வாரங்களில் பயத்தில் உறைந்திருந்தன. கொலையாளிகள் யாரென்று தெரியாது. இரவில் விளக்கை அணைக்காமல் தூங்கினார்கள். அந்த நேரத்தில், கீச்சுக் குரலும் குள்ளமான உருவமும் பகட்டான உடையுமாக நியூயார்க்கிலிருந்து ஓர் ஆண் வந்து “என்ன நடந்தது?” என்று கேட்டால், யார் கதவைத் திறப்பார்கள்? அந்தக் கால அமெரிக்கக் கிராமங்களில் தற்பாலீர்ப்புள்ள ஓர் ஆணுக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கபோட்டி திணறினார்.

கதவுகளைத் திறந்தவர் லீ. அவரும் சின்ன ஊர்க்காரர்தான். விவசாயக் குடும்பங்களோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். சமையலறை மேசையில் உட்கார்ந்து காபி குடிப்பார். கேள்வியே கேட்காமல் ஊர்ப் பேச்சில் கலந்துகொள்வார். கார்டன் சிட்டி நாளிதழில் எழுதிவந்த டோலரஸ் ஹோப், கிறிஸ்துமஸ் அன்று ஊருக்குப் புதியவர்கள் தனியாக இருக்கக் கூடாது என்று இருவரையும் விருந்துக்கு அழைத்தார். அந்த ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு அழைப்புகள் வரிசைகட்டின. வழக்கை விசாரித்த அதிகாரி ஆல்வின் டூயியின் வீட்டுக் கதவும் திறந்தது. அவர் மனைவி மேரி, நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். கபோட்டி பிறந்ததும் அதே நகரம்தான். தெற்கத்திச் சமையல் வாசத்தில் அந்த நட்பு வளர்ந்தது.

தான் பார்க்க விரும்பிய ஆண்களின் மனைவிமார்களோடு நட்பாகி உதவினார் என்று லீயைப் பற்றிக் கபோட்டியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கேட்கும்போது துணைக்கு வந்த தோழியைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் அங்கே நடந்தது கள ஆய்வு. பேட்டியின்போது கபோட்டி குறிப்பெடுக்க மாட்டார். ஒலிப்பதிவுக் கருவியும் வைத்துக்கொள்ள மாட்டார். இருவரும் விடுதி அறைக்குத் திரும்பியதும் தனித்தனியாக உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவார்கள். பிறகு ஒப்பிடுவார்கள். கேட்டதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தனக்கு அப்படியே நினைவிருக்கும் என்று கபோட்டி பெருமையடித்துக்கொண்டார். அந்த நினைவைச் சரிபார்க்க பக்கத்து அறையில் இன்னொரு நினைவு வேலை செய்துகொண்டிருந்தது.

லீயின் குறிப்புகள் தட்டச்சு செய்யப்பட்ட சுமார் 150 பக்கங்கள். இன்று நியூயார்க் பொது நூலகத்தில் கபோட்டியின் ஆவணங்களோடு இருக்கின்றன. ஊர், நிலம், குற்றம், கொல்லப்பட்டவர்கள் என்று தலைப்புவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். கிளட்டர் வீட்டின் அறைகள், சாமான்கள், யார் எப்படிப் பேசினார்கள், பேசும்போது முகம் எப்படி மாறியது என்பதையெல்லாம் ஒரு நாவலாசிரியர் பார்ப்பதைப் போலப் பார்த்திருக்கிறார். சட்டம் படித்தவர் என்பதால் நீதிமன்ற நடைமுறையும் புரியும். அம்மா கேட்டாரே, அடுக்களையில் என்ன இருந்தது என்று அந்த ஆளுக்கு யார் சொன்னார் என்று? அதற்கான பதில் பெருமளவு அந்த 150 பக்கங்களில் இருக்கிறது.

பெண்கள் சமையலறையில் பேசுவதற்கு நம் ஊரில் ‘வம்பு’ என்று பெயர். ஒரு வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அதே பேச்சை ஓர் ஆண் சேகரித்துப் புத்தகமாக்கினால் இலக்கியம். அவருக்காக ஒரு பெண் சேகரித்துக் கொடுத்தால் ‘உதவி’.

இன்னொரு செய்தியும் உண்டு. 1960 மார்ச்சில், எஃப்பிஐ முன்னாள் அதிகாரிகளின் சங்க இதழான ‘கிரேப்வைன்’, கிளட்டர் கொலை வழக்கையும் டூயியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் பெயர் இல்லை. லீயின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் ஷீல்ட்ஸ், அதை எழுதியவர் லீதான் என்று 2016இல் கண்டறிந்து சொன்னார். கபோட்டியின் ஒரு வரிகூட வெளிவராத காலத்தில், அந்த வழக்கைப் பற்றி லீ எழுதியது அச்சாகிவிட்டது, பெயரில்லாமல்.

அர்ப்பணிப்புப் பக்கத்தில் ஒரு பாதி

பிடிபட்ட கொலையாளிகள் ரிச்சர்ட் ஹிக்காக்கும் பெர்ரி ஸ்மித்தும் 1965 ஏப்ரல் 14 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கர் இதழில் தொடராகவும், 1966 ஜனவரியில் நூலாகவும் ‘இன் கோல்ட் பிளட்’ வந்தது. கபோட்டிக்குப் பெரும் பணமும் புகழும் சேர்ந்தன. நவம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் அவர் கொடுத்த முகமூடி விருந்து, அந்த நூற்றாண்டின் புகழ்பெற்ற விருந்துகளில் ஒன்று.

நூலின் நன்றியுரையில் அதிகாரிகள், பல்கலைக்கழகத் தலைவர், பதிப்பாசிரியர் என்று பல பெயர்கள் இருந்தன. ஹார்ப்பர் லீயின் பெயர் அங்கே இல்லை. அர்ப்பணிப்புப் பக்கத்தில், கபோட்டியின் இணையர் ஜாக் டன்ஃபியோடு சேர்த்து, அன்பும் நன்றியும் சொல்லப்பட்டிருந்தது. எதற்கான நன்றி என்று சொல்லப்படவில்லை. அன்பு வேறு, உழைப்பு வேறு. அன்பைக் காட்டி உழைப்பை மறைப்பது நம் குடும்பங்களில் தினமும் நடக்கிறது. “வீட்டுக்காரி கைமணம்” என்று புகழ்கிறவர்கள், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்பதில்லை.

இதைப் பற்றி லீ பொதுவெளியில் குறை சொன்னதில்லை. மாறாக, அவருடைய நாவலைக் கபோட்டிதான் எழுதிக் கொடுத்தார் என்ற வதந்தி பல ஆண்டுகள் சுற்றியது. அதைக் கபோட்டி உரத்து மறுக்கவில்லை. இத்தனைக்கும் 1959 ஜூலையில், அதாவது கன்சாஸ் பயணத்துக்கு முன்பே, நெல்லின் நாவலைப் படித்தேன், பிடித்திருக்கிறது என்று அவரே தன் சித்திக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவள் எழுதியதை அவன் எழுதினான் என்று நம்ப ஊர் தயாராக இருந்தது. அவன் எழுதியதில் அவளுடைய உழைப்பு இருக்கிறது என்று யாரும் சந்தேகப்படக்கூட இல்லை.

‘புதிய வடிவம்’ என்ற அறிவிப்பிலும் சிக்கல் உண்டு. லிலியன் ராஸ் என்ற பெண் பத்திரிகையாளர், ஒரு ஹாலிவுட் படம் உருவாகும் விதத்தை உடனிருந்து பார்த்து, நாவல் வடிவிலேயே எழுதிய ‘பிக்சர்’ 1952இல் நூலாக வந்துவிட்டது. அவரும் எழுதியது அதே நியூயார்க்கர் இதழில்தான்.

நெசமாவே நடந்ததா?

இனி அம்மாவின் முதல் கேள்வி. நூலில் எல்லாமே உண்மை என்றுதான் கபோட்டி சொன்னார். 1966 ஜூனிலேயே ஃபிலிப் டாம்கின்ஸ் என்பவர் கன்சாஸுக்குப் போய் விசாரித்து எஸ்குயர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இறந்துபோன நான்சியின் குதிரை 75 டாலருக்கு வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனதாக நூல் சொல்கிறது. உண்மையில் உள்ளூர்க்காரர் ஒருவர் 182.50 டாலருக்கு வாங்கியிருந்தார். சோகத்தைக் கூட்டுவதற்காக விலை குறைந்துவிட்டது. நூலின் கடைசியில் வரும் கல்லறைத் தோட்டக் காட்சியில் டூயியும் நான்சியின் தோழியும் சந்தித்துப் பேசுகிறார்கள். அந்தச் சந்திப்பு நடக்கவேயில்லை. துப்பு கிடைத்த உடனே காவல்துறை ஹிக்காக்கின் பெற்றோர் வீட்டுக்குப் போனதாக நூல் சொல்கிறது. ஐந்து நாள்கள் தாமதமாகத்தான் போனார்கள் என்று 2013இல் வெளியான ஆவணங்கள் காட்டின.

குதிரை விலையையும் நாள்கணக்கையும் விடுவோம். இரண்டு பெண்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஒருவர் ஜோசஃபின் மெயர், துணை ஷெரிஃபின் மனைவி. சிறை இருந்த கட்டடத்திலேயே அவர்கள் வீடும் இருந்தது. கொலையாளிகளில் ஒருவரான பெர்ரி ஸ்மித்தை அடைத்துவைத்திருந்த அறை, அவருடைய சமையலறையை ஒட்டி இருந்தது. கைதிக்குச் சமைத்துப் போட்டதும் அவர்தான். தண்டனை அறிவிக்கப்பட்ட பிறகு ஸ்மித் அழுததைக் கேட்டதாகவும், அவன் தன் கையைப் பற்றிக்கொண்டதாகவும் அவர் சொல்வதுபோல நூலில் வருகிறது. டாம்கின்ஸ் கேட்டபோது, அப்படி எதுவும் நடக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை என்றார் அந்தப் பெண்மணி. கொலையாளிமீது வாசகருக்கு இரக்கம் வர வேண்டும். அதற்கு ஒரு தாய்மை தேவைப்பட்டது. சமையலறையிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இன்னொருவர் கொல்லப்பட்ட போனி கிளட்டர். நூலில் அவர் எப்போதும் படுக்கையிலேயே கிடக்கும் நோயாளி. நரம்புத் தளர்ச்சியால் வீட்டுக்குப் பயன்படாமல் போன மனைவி. அவரை அறிந்த குடும்பத்தினரும் ஊர்க்காரர்களும் இந்தச் சித்திரத்தை மறுத்தார்கள். மன அழுத்தத்தால் அவதிப்பட்டது உண்மைதான். ஆனால் தேவாலயப் பணிகளிலும் தோட்ட வேலையிலும் பிள்ளைகளின் வாழ்விலும் பங்கெடுத்த அன்பான மனுஷி என்றார்கள். கொலைசெய்த இருவரின் குழந்தைப் பருவமும் கனவுகளும் காயங்களும் பக்கம் பக்கமாக விரிகின்றன. கொல்லப்பட்ட பெண்ணுக்கு மிஞ்சியது ஒரு படுக்கையறையும் சில மெல்லிய புலம்பல்களும். இறந்தவர் வந்து மறுக்க முடியாது. நூல் கோடிக்கணக்கானவர்களிடம் போகும். மகள்கள் எழுதும் மறுப்பு எத்தனை பேரிடம் போகும்?

உண்மை நூல் நாவலைப் போல எழுதப்படும்போது வரும் ஆபத்து இதுதான். நாவலில் ஒரு பாத்திரத்தை ஆசிரியர் எப்படி வளைத்தாலும் வலிப்பது யாருக்கும் இல்லை. இங்கே வளைக்கப்படுவது வாழ்ந்த ஒரு பெண். அதன் மேல் ‘உண்மை’ என்ற முத்திரை வேறு.

முடிக்காத புத்தகம்

லீக்குத் தன் நண்பர் செய்த இந்த வேலையில் உடன்பாடு இருக்கவில்லை. அது வெளிப்பட்டது வசைமொழியாக அல்ல. அவர் எழுத முயன்று, முடிக்காமல் விட்ட ஒரு புத்தகத்தின் வழியாக.

அலபாமாவின் அலெக்சாண்டர் சிட்டி பகுதியில் வில்லி மாக்ஸ்வெல் என்ற கறுப்பினப் போதகர் இருந்தார். 1970 முதல் 1977 வரை அவருடைய உறவினர்கள் ஐந்து பேர் அடுத்தடுத்து மர்மமாக இறந்தார்கள்: முதல் மனைவி, அண்ணன் தம்பி உறவில் ஒருவர், இரண்டாம் மனைவி, மருமகன் முறையுள்ள ஓர் இளைஞர், கடைசியாக 16 வயது வளர்ப்பு மகள். தன்னைச் சுற்றியிருந்தவர்களின் பெயரில் ஆயுள் காப்பீட்டு பாலிசிகளைக் குவித்து வைத்திருந்தவர் அவர். அவர்மீது கொலைக் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. கறுப்பினப் பெண்கள் இறந்தால் விசாரணை எந்த வேகத்தில் நடக்கும் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. 1977 ஜூனில், அந்தச் சிறுமியின் இறுதிச்சடங்கிலேயே, 300 பேர் பார்க்க ஒருவர் மாக்ஸ்வெல்லைச் சுட்டுக் கொன்றார். அதுவரை மாக்ஸ்வெல்லுக்காக வாதாடிய டாம் ராட்னி என்ற வழக்கறிஞரே, சுட்டவருக்காகவும் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள். 51 வயது லீ அங்கே போய்ச் சேர்ந்தார். நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ராட்னி தன் வழக்குக் கோப்புகளை அவரிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் அந்தப் பகுதியிலேயே தங்கி, ஆள் ஆளாகச் சந்தித்தார். கன்சாஸில் இன்னொருவருக்காகச் செய்ததை இப்போது தனக்காகச் செய்தார். ‘தி ரெவரெண்ட்’ என்று தலைப்புகூட யோசித்திருந்தார்.

புத்தகம் வரவேயில்லை. காரணங்கள் பல சொல்கிறார்கள்: குடி, தனிமை, முதல் நாவலின் புகழ் கொடுத்த சுமை. ஆனால் லீ 1987இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே ஒரு காரணம் சொல்கிறார். அந்தக் குற்றங்களைப் பற்றி ஒரு நூல் அளவுக்கு உறுதியான உண்மைகள் தன்னிடம் இல்லை என்று. வதந்தி ஏராளமாகக் கிடைத்தது. பில்லிசூனியக் கதைகள் கிடைத்தன. மாக்ஸ்வெல் மனதில் என்ன ஓடியது, அந்த மனைவிமார் கடைசி நேரத்தில் என்ன நினைத்தார்கள் என்று கற்பனை செய்து நிரப்பியிருந்தால் புத்தகம் வந்திருக்கும், விற்றிருக்கும். எப்படி நிரப்புவது என்பதை மிக அருகில் இருந்து பார்த்தவர் அவர். நிரப்ப மறுத்தார்.

இதைத் தியாகமாகக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஒரு நல்ல புத்தகம் நமக்குக் கிடைக்காமல் போயிற்று என்பதுதான் நிஜம். ஆனால், பெண் எழுதாமல் விட்டால் ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று சிரிக்கும் இலக்கிய உலகம், அவருடைய மௌனத்துக்குள் ஓர் அளவுகோல் இருந்ததைக் கவனிக்கவில்லை.

2016 பிப்ரவரி 19 அன்று, 89 வயதில் லீ இறந்தார். 2019இல் கேஸி செப் என்ற இளம் பத்திரிகையாளர் ‘ஃபியூரியஸ் அவர்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். போதகரின் கதை, வழக்கறிஞரின் கதை, அதை எழுத முயன்ற எழுத்தாளரின் கதை என்று மூன்று பாகங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்கிறார் செப். அதனால் சுவை துளியும் குறையவில்லை. லீ எழுதாத புத்தகத்தை, லீயையும் உள்ளே வைத்து, இன்னொரு பெண் எழுதி முடித்தார்.

‘நான்’ என்ற இடத்தில் ‘நாங்கள்’

அந்தக் காலம் அப்படி, ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்காக ஓர் உதாரணம். கபோட்டியின் நூலுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1957இல், அர்ஜென்டினாவில் ரொடால்ஃபோ வால்ஷ் என்பவர் ‘ஆபரேஷன் மசாக்கர்’ என்ற நூலை வெளியிட்டார். 1956 ஜூனில் ராணுவ அரசு, ஒரு குப்பைமேட்டில் வைத்து ரகசியமாகச் சுட்டுக்கொன்ற அப்பாவிகளைப் பற்றியது. தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்து, நாவலின் விறுவிறுப்போடு எழுதப்பட்ட உண்மை நூல். அந்தத் தேடலில் முதலிலிருந்தே அவரோடு அலைந்தவர் என்ரிகேத்தா முனீஸ் என்ற இளம் பத்திரிகையாளர். வால்ஷ் தன் முன்னுரையிலேயே அவர் பெயரைச் சொல்லி, நான் செய்தேன், நான் போனேன் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் நாங்கள் என்று படித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனினும் அட்டையில் ஒரு பெயர்தான். முனீஸ் 2013இல் இறந்தார். அவருடைய குறிப்பேடு 2019இல்தான் நூலாக வந்தது. பெயர் சொன்ன இடத்திலேயே அறுபது ஆண்டுகள் ஆனால், சொல்லாத இடத்தில் எத்தனை ஆகும்?

நம் மொழியிலும் நினைத்துப்பார்க்க ஒருவர் இருக்கிறார். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்காக நின்ற மணலூர் மணியம்மையின் வாழ்வைத் தேடிச் சேகரித்து ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார். இவ்வளவு கள ஆய்வுக்குப் பிறகும் அவர் ‘உப்பள நாவல்’ எழுதினார் என்றே பேசப்பட்டது. புதிய வடிவம் கண்டார் என்று யாரும் பட்டம் கட்டவில்லை. கபோட்டி கற்பனை கலந்ததை உண்மை என்றார். ராஜம் கிருஷ்ணன் உண்மையைத் தேடி அலைந்துவிட்டு, அதை நாவல் என்றார். யாருடைய அடக்கம் யாருக்கு நஷ்டமாக முடிந்தது என்பதையும் பெண்கள் யோசிக்க வேண்டும்.

நன்றியுரையிலிருந்து படிப்போம்

நாவல் பிரியர்கள் உண்மை நூல்கள் பக்கம் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வந்தவர்கள் முதலில் எடுக்க நல்ல நூல்கள் உண்டு. ரெபெக்கா ஸ்க்ளூட் எழுதி 2010இல் வந்த ‘தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியட்டா லாக்ஸ்’ அவற்றில் ஒன்று. 1951இல் 31 வயதில் புற்றுநோயால் இறந்த ஒரு கறுப்பினத் தாயின் உடலிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் உலக ஆய்வகங்களில் எல்லாம் வளர்ந்துகொண்டிருக்கும் கதை. அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்கும் மகள் டெபோரா, அதில் தகவல் தருபவராக மட்டும் இல்லை. ஆசிரியரோடு சேர்ந்து தேடுபவராக, சண்டை போடுபவராக, சந்தேகப்படுபவராக வருகிறார். தகவல் எப்படிக் கிடைத்தது என்பதே கதையாகிவிடுகிறது. ஸ்வெட்லானா அலெக்சியேவிச், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட சோவியத் பெண்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பதிவுசெய்து 1985இல் வெளியிட்ட நூலில், பேசுவது அந்தப் பெண்களே. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

படிக்கும்போது அம்மாவின் இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இது நிஜமாகவே நடந்ததா? மூடிய அறைக்குள் இறந்தவர் நினைத்ததை ஆசிரியர் எழுதியிருந்தால், அது எங்கிருந்து வந்தது? அந்த வீட்டுக்குள் போனது யார்? காபி குடித்துக் காத்திருந்தது யார், இரவில் தட்டச்சு செய்தது யார், தன் வாழ்க்கையையே கொடுத்தது யார்? பதில் பெரும்பாலும் புத்தகத்தின் கடைசியில், பொடி எழுத்தில், நாம் புரட்டாமல் விடும் நன்றியுரையில் இருக்கும். அங்கேயும் இல்லாவிட்டால், இன்னும் தேட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாவிடம் அந்தக் கதையை மறுபடியும் சொன்னேன். இந்த முறை ரயிலில் இருவர் ஏறுவதிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு பேரு என்னன்னு சொன்ன?” என்றார்.

நெல் ஹார்ப்பர் லீ என்றேன்.